பொன்னிசக்கியின் எதிர்க்காற்று

பொன்னிசக்கி வடக்கே போனால் காற்று வடக்கிலிருந்து அடித்தது, தெற்கே திரும்பினால் தெற்கிலிருந்து அடித்தது, வளைவில் அவளோடு சேர்ந்து வளைந்தது, அவள் மிதிப்பதை நிறுத்தி இறங்கினால் கட்டிப்போட்ட ஆடு மாதிரி பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. செம்பாறைக்குளத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, தெரு முக்கில் குழாய் இருப்பது தெரிந்த மாதிரி.

சைக்கிள் வந்த அன்றே காற்றும் வந்தது. அப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் பெண்பிள்ளைகளுக்கு நடத்துகிற சைக்கிள் பந்தயத்தில் வருடா வருடம் அவளே முதலில் வந்தாள், அதுவும் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில், கூடைக்குள் புத்தகப் பையோடு வந்தாள் என்பதால், நம்ம பிள்ளைக்கு ஒரு ரேஸ் சைக்கிள் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கொடைக் கமிட்டி கூடி முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் ராசதுரை, முருங்கைத் தோட்டக்காரர், தானே நாகர்கோவிலுக்குப் போனார். ஓட்டுகிறவர் என்ன உயரம் என்று கடைக்காரர் கேட்டதற்கு முதலில் தன் தோள் மட்டத்தில் கையை வைத்துக் காட்டினார்; பிறகு ஒரு நிமிடம் யோசித்து, கையைத் தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தினார். அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு யூனிபாரம் அப்படித்தான் எடுப்பார்கள், ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள், வளர்கிற பிள்ளைக்கு அளவாக எடுப்பவன் விவரம் கெட்டவன் என்பது அந்த ஊரின் கட்சி. சைக்கிளுக்கும் அதுவே நியாயம் என்று அவர் நினைத்தார். ஆனால் சைக்கிளில் மடித்துத் தைக்க ஓரம் இல்லை, பொன்னிசக்கியோ வளர்ந்து முடித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

கோவில் வாசலில் மாலை போட்டு, சந்தனம் பூசி, சைக்கிளை அவள் கையில் கொடுத்தார்கள். குறுக்குக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட அவள் வண்டியைத் தரையோடு சாய்க்க வேண்டியிருந்தது, ஏறி உட்கார்ந்தபின் கைப்பிடி பரணில் இருக்கிற பாத்திரம் போல எட்டத்தில் இருந்தது, எட்டிப் பிடித்ததும் முதுகு முழுக்க இழுத்துக் கட்டிய கயிறானது. ராசதுரை மாமா பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது, சந்தனம் இன்னும் காயவில்லை, பிடிச்சிருக்கு மாமா என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு முதல் மிதி மிதித்தபோது எதிரே காற்று கிளம்பியது, மாலையை அறுத்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாகப் போய் ராசதுரை மாமாவின் முகத்தில் அடித்தது.

நாலு நாள் எல்லோரும் கணவாய்க் காற்று என்றே நினைத்தார்கள். அந்தப் பக்கத்துக்குக் காற்று புதிதில்லை, ஆடி மாதம் வந்தால் பேசுகிற பேச்சு பாதி வழியில் பறந்துவிடும், அதை நம்பித்தான் கம்பெனிக்காரர்கள் வெட்டவெளி முழுக்கப் பனையை விட உயரமாய்க் காத்தாடிகளை நட்டு மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இது மாசி மாதம், காத்தாடிகள் எல்லாம் ஓய்ந்துபோய் வெயிலில் நிற்கிற காலம். அந்த ஓய்ந்த காத்தாடிகள் பொன்னிசக்கி ரோட்டில் போகும்போது ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன, அவள் போகிற திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றின, அவள் சாஸ்தா கோவில் வரை போய்த் திரும்பினால் அத்தனையும் மெல்லக் கழுத்தைத் திருப்பி அவள் வருகிற பக்கத்துக்கே முதுகு காட்டி நின்றன. கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை அவள் காற்று அடித்தது, அதற்கு அப்பால் ஒரு இலை அசையவில்லை.

ஏன் என்று ஊர் அதிகம் கேட்கவில்லை. ஒருவர் நேர்த்திக்கடன் பாக்கி என்றார், ஒருவர் அவள் பிறந்தது ஆடியில் என்றார், பேச்சு அதோடு முடிந்தது, ஏனென்றால் அப்போது களத்தில் உளுந்து கிடந்தது, தூற்றக் காற்று இல்லாமல் பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். முதலில் கேட்டவள் கீழத்தெரு அன்னத்தாய். ஏட்டி, எப்படியும் ஓட்டத்தானே போற, நம்ம களத்துக்கு மேற்க கொஞ்சம் ஓட்டேன் என்று கேட்டாள், பொன்னிசக்கியும் போனாள், உமி பறந்தது, உளுந்து குவிந்தது, அன்னத்தாய் அவள் கையில் ஒரு படி உளுந்தைத் திணித்தாள். மறுநாள் மூன்று களம். அதற்கடுத்த வாரம் துணி துவைப்பவர்கள், கருப்பட்டி காய வைப்பவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள், கல்யாண வீட்டில் பந்தலுக்குள் புழுங்குகிறது என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார். எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அவளுக்கும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, ஊர் எடுத்துக் கொடுத்த சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது.

பிறகு காத்தாடிக் கம்பெனி மேலாளர் ஒரு கிலோ லட்டுடன் ராசதுரை வீட்டுக்கு வந்தார். மாசி, பங்குனியில் அந்தப் பிள்ளை காலையும் மாலையும் ஓட்டினால் போதும், ஊருக்குத் தெருவிளக்கு போட்டுத் தருகிறோம் என்றார். விளக்குகள் வந்தன. விளக்கு வந்த வாரமே முருங்கைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், பூத்துக் கிடக்கிற நேரத்தில் இந்தப் பிள்ளை இப்படிக் காற்றைக் கிளப்பினால் பூவெல்லாம் கொட்டிப்போகாதா, காய் எங்கிருந்து வரும் என்றார்கள், ராசதுரையே முருங்கைக்காரர்தான் என்பதால் அவர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசியில் கமிட்டி கூடி ஒரு முறை வைத்தது. அதன்படி ஒவ்வொரு சாயங்காலமும் கோவில் மைக்கில், நாளைக் காலை பொன்னிசக்கி கிழக்கு ரோட்டில் ஓட்டுவாள், உளுந்துக்காரர்கள் தயாராக இருக்கவும், நாளை மறுநாள் முருங்கைக்காகச் சைக்கிள் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. எந்தத் திசை, எவ்வளவு நேரம், எப்போது ஓய்வு எல்லாம் அதில் வந்துவிடும். பொன்னிசக்கியும் மற்றவர்களைப் போலவே வீட்டுக்குள் இருந்தபடி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

அவளுக்கு என்று வேறொரு முறை இருந்தது. செல்போனில் பார்த்துப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்ட பயிற்சி அது. ஒரு நாள் நீளமாக, ஒரு நாள் மூச்சு முட்ட வேகமாக, ஒரு நாள் கால் ஆற மெதுவாக, ஒரு நாள் ஓய்வு. ஆற வேண்டிய நாளில் கம்பெனிக்காகக் காலை முறித்துக்கொண்டு ஓட்டினாள், வேகமாக ஓட்ட வேண்டிய நாளில் முருங்கைக்காக வீட்டில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் விட அவளை அரித்துத் தின்ற சங்கதி ஒன்று உண்டு. அந்த ரேஸ் சைக்கிளில் ஏறிய நாளிலிருந்து காற்றில்லாத ரோட்டில் அவள் ஒரு முழம்கூடப் போனதில்லை, அதனால் தன் காலுக்கு உண்மையில் என்ன வேகம் என்று அவளுக்கே தெரியாது. நல்ல ஓட்டக்காரியா, சுமாரான ஓட்டக்காரியா, காற்றைத் தள்ளத் தெரிந்த வெறும் மாடா என்று யாரைக் கேட்பாள்?

காற்றுக்குக் கீழே குனிந்துவிடலாம் என்று பார்த்தாள். கைப்பிடியைக் கடைசி வரை இறக்கினாள், சீட்டை இறக்கி முன்னால் தள்ளினாள், தள்ளியதில் முழங்காலின் வெளிப்பக்கம் ஊசி குத்தியது. பின்னால் தள்ளினாள், கழுத்து பிடித்துக்கொண்டது. ஓட்டி முடித்தால் இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போய், சோற்றை உருட்டும்போது அது வேறு யாரோ ஒருத்தியின் விரலாக இருந்தது. உட்காருகிற இடத்தில் தோல் கன்றிப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணானது. முழங்கால் மிதிக்கு நேராக வருகிறதா என்று பார்க்க முழங்காலிலிருந்து தூக்குக்குண்டு விட வேண்டும் என்று போனில் சொன்னார்கள். கொத்தனாரிடம் குண்டை இரவல் வாங்கி, பின்சக்கரத்தைத் தரையில் படாமல் கல்லில் தூக்கி வைத்து, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏறி மிதித்தாள். மூடிய வீட்டுக்குள் எதிர்ச் சுவரிலிருந்து காற்று அடித்தது, குண்டு கயிற்றோடு பின்னால் பறந்து நின்றது. அந்த நேரத்தில் சுளகில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா வேலம்மாளின் புகையிலைத் தூள் முழுக்கச் சுவரில் அப்பியது.

வேலம்மாள் திட்டவில்லை. தூளை வழித்து எடுத்துக்கொண்டே, இந்தக் குண்டு எதுக்குட்டி என்று கேட்டாள். சைக்கிள் எனக்குச் சேருதான்னு பாக்கேன் என்று பொன்னிசக்கி சொன்னாள். சேரலியா என்று அம்மா கேட்டாள். பொன்னிசக்கி கயிற்றைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வேலம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தன் சுளகுக்குப் பக்கத்தில் இன்னொரு சுளகு விழக்கூடாது. இதற்குள் கல்லூரி முடிந்திருந்தது, அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் பொன்னிசக்கி. பட்டம் வாங்கி என்ன, எழுதிய தேர்வுகளில் எல்லாம் கொஞ்சத்தில் கொஞ்சத்தில் நழுவிக்கொண்டே இருந்தது. மிச்சம் இருந்தது சைக்கிள். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநில அணியில் சேர்ப்பார்கள், அணியில் இருந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குக் கேட்கலாம். அவள் வயதுப் பிரிவுக்கு இதுதான் கடைசி வருடம், இந்தப் பங்குனி தாண்டினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். இதைச் சொல்லி வேலம்மாளின் விரலைப் பிடித்துக்கொண்டு பொன்னிசக்கி ஒருநாள் அழுதாள், பீடி இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு அழுகிற பிள்ளையைத் தடவிக் கொடுக்கத் தெரிந்தது.

போட்டி கடற்கரை ரோட்டில். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியாக அவிழ்த்து விடுவார்கள், பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும், யார் பின்னாலும் ஒண்டிக்கொண்டு ஓட்டக் கூடாது, நேரம் குறைந்தவள் ஜெயித்தவள். ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். ஆனால் மைக்கில் அறிவிப்பு வந்தாக வேண்டுமே, அந்த நாள் ஏன் காற்று கிடையாது என்று காரணம் சொல்லியாக வேண்டுமே, ராசதுரை கேட்டபோது வேலம்மாளால் பொய் சொல்ல முடியவில்லை.

ராசதுரை அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னாள். மறுநாள் கமிட்டியைக் கூட்டி, நம்ம எல்லாரும் அந்தப் பிள்ளைக்க காத்துலதான் வே பொழைச்சோம், ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவளுக்கு அந்தக் காத்தை மறிச்சிக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். உளுந்துக்காரர்களும் முருங்கைக்காரர்களும் முதல் தடவையாக ஒரே பேச்சில் நின்றார்கள். வைக்கோல் வியாபாரி சப்பாணிமுத்து தன் லாரியைத் தருவதாகச் சொன்னார். கொடைப் பந்தயத்தில் அதுதான் வழக்கம், ஓட்டுகிற பிள்ளைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் பைக்கிலும் டெம்போவிலும் போவார்கள், நாயை விரட்டுவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள், யாருக்கு முன்னால் வண்டி அதிகமோ அந்தப் பிள்ளைக்கு ஆள்பலம் அதிகம் என்று பெருமை. மாநிலப் போட்டி என்றால் வண்டி இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. விடியற்காலையில் லாரியில் வைக்கோலை வீட்டுயரத்துக்கு அடுக்கி, மேலே ராசதுரையும், அன்னத்தாயும், ஏறக்கூடிய அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். வேலம்மாளையும் கைகொடுத்து ஏற்றினார்கள்.

பொன்னிசக்கி முந்தின நாளே பஸ்ஸில் சைக்கிளோடு போயிருந்தாள். அவளை அவிழ்த்துவிட்டதும் காற்று வந்தது. கடல் அமைதியாகக் கிடந்தது, அந்த ரோட்டில் மட்டும் மணல் எழுந்து ஓடியது. குனிந்து, மூக்கு கைப்பிடியைத் தொடும் வரை குனிந்து அவள் மிதித்தாள், முழங்காலில் அந்த ஊசி முதல் மைலிலேயே வந்துவிட்டது. எதிர்ப் பக்கத்தில் பாலத்தைத் தொட்டுத் திரும்பி வருகிற பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு அவள் காற்று முதுகில் பட்டது. சென்னைப் பிள்ளை ஒருத்தி, உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலச் சைக்கிள் பொருந்தியவள், திடீரென்று பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி வேகம் கூட, ஆச்சரியத்தில் சிரித்துக்கொண்டே கடந்து போனாள். தான் மிதிக்க மிதிக்க எதிரிக்குத்தான் வேகம் கூடுகிறது என்பதைப் பொன்னிசக்கி பார்த்துக்கொண்டே மிதித்தாள், மெதுவாக மிதித்தால் காற்று குறையும், மெதுவாக மிதித்தால் தோற்பாள், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா என்று அந்த வேளையிலும் ஒழுங்கான மாணவி மாதிரி அவள் மனசு கணக்குப் போட்டது, வழி இல்லை.

அப்போதுதான் ஒரு குறுக்கு மண்பாதையிலிருந்து வைக்கோல் லாரி ஏறி வந்து அவளுக்கு முன்னால் நின்று, நகர்ந்தது.

காற்று இல்லை. சட்டென்று ஒரு வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. காதுக்குள் எப்போதும் இருந்த இரைச்சல் போய், சங்கிலி பல்லில் உட்கார்ந்து எழுகிற சத்தம் கேட்டது, தன் மூச்சு கேட்டது, ரோட்டோரத்தில் ஏதோ குருவி கத்தியதுகூடக் கேட்டது. கால் தானாகச் சுற்றியது. ரோடு அவளுக்குக் கீழே தண்ணீர் மாதிரி ஓடியது. இது தப்பு என்று அவளுக்கு முதல் நொடியிலேயே தெரியும், தெரிந்தும் ஒரு பனைமர வரிசை முழுக்க, முதல் பனையிலிருந்து கடைசிப் பனை வரை, அவள் அந்த வைக்கோல் வாசனைக்குள்ளேயே இருந்தாள். அந்தச் சைக்கிளில் ஏறிய நாளிலிருந்து அவள் சந்தோஷமாக ஓட்டியது அந்த ஒரு வரிசைதான்.

வரிசை முடிந்ததும் லாரியைத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்தினாள். லாரியின் இரண்டு பக்கமும் பிளந்து வந்த காற்று அவள் சொல்லை வாயிலிருந்தே பறித்துப் பின்னால் கொண்டுபோனது. வைக்கோலின் மேல் இருந்தவர்களுக்கு அவள் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. பிள்ளை தண்ணி கேக்கா என்று அன்னத்தாய் சொல்ல, ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து அவள் தலையில் ஊற்றினார்கள். அவள் கையை ஆட்டினாள், இன்னும் கிட்டே வரச் சொல்லுகிறாள் என்று சப்பாணிமுத்து வண்டியை மெதுவாக்கினார். அவள் வெளியே விலகி, காற்றுக்குள் பாய்ந்து, லாரியை முந்தினாள். ஐயோ பிள்ளை காத்துல மாட்டிக்கிட்டு என்று பதறி லாரி உறுமிக்கொண்டு அவளை முந்தி மறுபடி முன்னால் வந்து நின்றது. இன்னொரு தடவை முந்தினாள், இன்னொரு தடவை அன்போடு மறித்தார்கள். பின்னால் போட்டி நடுவர் பைக்கில் வந்து விசிலடித்தார், அந்த விசிலும் முன்னால் போகவில்லை.

அவள் ஓட்டிக்கொண்டிருக்கும் வரை அவள் சொல் அவர்களைச் சேராது. சேர வேண்டுமென்றால் நிற்க வேண்டும், நின்றால் நேரம் போகும், அந்த நேரத்தில்தான் அவள் வேலையும் அம்மாவின் விரலும் இருந்தன. ஒரு பத்து மிதிக்கு அவள் இதை யோசித்திருப்பாள். பிறகு காலை எடுத்து ரோட்டில் ஊன்றினாள்.

காற்று படுத்துக்கொண்டது. மணல் அப்படியே இறங்கியது. லாரியும் நின்றது. வைக்கோலின் மேலிருந்து ராசதுரை எட்டிப் பார்த்தார்.

"மாமா, லாரியை எடுங்க" என்றாள் பொன்னிசக்கி. கத்தவில்லை, அந்த அமைதியில் கத்தத் தேவையிருக்கவில்லை.

"உனக்காகத்தானே மக்கா வந்தோம்."

"தெரியும் மாமா. நீங்க முன்னால போனா நான் ஓடல, நீங்கதான் ஓடுதீங்க. என்னைப் போட்டியிலேர்ந்து தூக்கிருவாங்க. வழிய விடுங்க."

ராசதுரையின் முகத்தில் ஒன்று புரிந்து, அது அவர் கழுத்து வழியாக இறங்கித் தோள் வரை போனதை அவள் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. லாரி ஓரம் கட்டியது, அவள் சைக்கிளைச் சாய்த்து, காலைத் தூக்கிப் போட்டு மிதித்தாள், காற்று எழுந்து வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. போன நேரத்தை முழங்காலைக் கொடுத்து வாங்கினாள், கழுத்தைக் கொடுத்து வாங்கினாள், மரத்துப்போன விரல்கள் கைப்பிடியில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துப் பார்த்து ஓட்டினாள். பாலத்தைத் தொட்டுத் திரும்பி வரும்போது லாரி அதே ஓரத்தில் நின்றது. ஊர் முழுக்க இறங்கி வரிசையாக நின்றிருந்தது, ஒருவரும் கைதட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் கடந்தபோது காற்று லாரியின் வைக்கோலைப் பிடுங்கி அவர்கள் மேலும், ரோட்டின் மேலும், கடல் வரைக்கும் வாரிப் போட்டது.

எல்லைக் கோட்டைத் தாண்டி விழாத குறையாக இறங்கி உட்கார்ந்தாள். நேரம் பார்த்தார்கள். மூன்றாவது இடம். நின்ற நேரமும் சேர்த்து, மூன்றாவது இடம். அந்தக் காற்றிலும் தான் மூன்றாவது என்றால் தன் காலுக்கு என்ன வேகம் என்று அவள் மனசு மறுபடி கணக்குப் போட்டது.

பைக்கில் பின்னால் வந்த நடுவர் அம்மா ஒரு பலகையோடு பக்கத்தில் வந்து குந்தினார். கோபமாக இல்லை. லாரிக்குப் பின்னால் நீ எவ்வளவு தூரம் வந்தாய், நான் பார்க்கும்போது நீ வெளியே வரத்தான் முயற்சி செய்தாய், இறங்கி நின்று அனுப்பினாய், அது மட்டும் என்றால் கொஞ்சம் நேரம் கூட்டிப் போடுவோம், உன் இடம் போகாது என்றார். பேனா பலகைக்கு மேலே காத்திருந்தது. பனை வரிசையை அவர் பார்க்கவில்லை. அந்த ஊரில் பனைகள் பேசுவதில்லை, லாரியில் இருந்தவர்களைக் கேட்டாலும் எதையும் சொல்லமாட்டார்கள்.

பொன்னிசக்கி பலகைக்கு மேலே நின்ற அந்தப் பேனாவைப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, பரீட்சையில் தெரியாத கேள்விக்குக்கூடப் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்காத அந்தப் பழக்கம், முடியாது என்று யாரிடமும் சொல்லத் தெரியாத அதே வாயால், நீங்க பாக்கிறதுக்கு முன்னாலேயே இருந்தேன் மேடம் என்று சொன்னது.

"பனைமரம் ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து. அது முடியிற வரைக்கும். தெரிஞ்சேதான் இருந்தேன்."

நடுவர் அம்மா பேனாவை மூடினார். அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு என் நேரம் என்ன என்று மட்டும் சொல்ல முடியுமா என்று பொன்னிசக்கி கேட்டாள். அப்படி ஒரு கணக்கு நாங்கள் வைப்பதில்லை அம்மா என்று அவர் சொன்னார். சென்னைப் பிள்ளை முதல் இடம் என்று மைக்கில் வந்தது. மூன்றாவது இடத்துக்கு வேறொரு பெயர் வந்தது.

லாரிக்காரர்கள் தூரத்தில் நின்றார்கள். வேலம்மாள் மட்டும் வந்தாள், மகளின் தலையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்தாள். சைக்கிளை மேலே ஏற்றிவிடலாம், இடம் நிறைய இருக்கிறது என்று சப்பாணிமுத்து யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். வேண்டாம், நான் ஓட்டிக்கொண்டே வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று பொன்னிசக்கி சொன்னாள். ராசதுரை தலையை ஆட்டினார். முன்னால் போக மாட்டோம் என்றார்.

அப்படித்தான் மதிய வெயிலில் கிளம்பினார்கள், அவள் முன்னால், லாரி பின்னால். வைக்கோல் எல்லாம் பறந்துபோய் லாரி வெறும் தட்டாக இருந்தது, மறைவுக்கு ஒரு கட்டுகூட இல்லை. ஊர் முழுக்க அந்தத் தட்டில் நின்றுகொண்டு வந்தது, பொன்னிசக்கியின் காற்று முதல் தடவையாக அத்தனை பேர் முகத்திலும் நேராக, விடாமல், கல்லைத் தேய்க்கிற மாதிரி அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒருவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கவில்லை. நாலு மைல் போவதற்குள் ராசதுரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், பிறகு முன்னால் அந்தச் சின்ன முதுகைப் பார்த்து, துண்டை எடுத்துவிட்டார். வேலம்மாள் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை.

உப்பளத்தைத் தாண்டும்போதுதான் பொன்னிசக்கி பேச ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, குரலைக் கூட்டவில்லை. தனக்குத்தான் பேசிக்கொண்டாளோ என்னவோ. ஆனால் காற்று அவள் சொல் ஒவ்வொன்றையும் எடுத்துப் பின்னால் கொண்டுவந்து லாரியில் இருந்த ஒவ்வொருவர் காதிலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வைத்தது. கல்யாணப் பந்தலுக்காக ஓட்டிய நாளில் அவளுக்குக் காய்ச்சல் இருந்ததைச் சொன்னாள். ராத்திரி விரல் விறைத்துப்போய் பல்லால் கடித்துக் கடித்து உணர்வு வர வைத்ததைச் சொன்னாள். தெருவிளக்கு முதல் நாள் எரிந்தபோது எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்ததையும், அதன் கீழே தான் மட்டும் நிற்கக் கூசியதையும் சொன்னாள். உங்க மேல கோவம் இல்ல மாமா என்று சொன்னாள், கொஞ்ச தூரம் போய், கோவம்தான் என்று சொன்னாள். அம்மா, நாளைக்கு நான் என்ன செய்ய என்று கேட்டாள்.

வேலம்மாள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பக்கத்தில் நின்ற அன்னத்தாய்க்கே கேட்கவில்லை, வாயை விட்டு வெளியே வந்ததுமே அந்தச் சொல் பின்னால் பறந்து வெறும் ரோட்டில் போய் விழுந்தது. ராசதுரையும் என்னவோ சொன்னார், இரண்டு கையையும் வாயில் குவித்துச் சொன்னார், அதுவும் போனது. சப்பாணிமுத்து ஹாரனை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார், அந்தச் சத்தமும் உப்பளத்தின் பக்கம் போய்விட்டது.

பாதி வழியில் அவள், கேக்குதா என்று கேட்டாள்.

கேக்கு, கேக்கு என்று லாரி முழுக்கச் சொன்னது. அன்னத்தாய் சொன்னாள், உளுந்துக்காரர்களும் முருங்கைக்காரர்களும் சொன்னார்கள், வேலம்மாள் பலகையில் அறைந்து அறைந்து சொன்னாள். பொன்னிசக்கி கொஞ்ச தூரம் பதிலுக்குக் காத்திருந்த மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினாள். எதுவும் வரவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் குனிந்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.